வள்ளத்தில் எஞ்சிய பழைய பசை



சென்ற வாடைக்காலத்தின் பின்னர், எமது மாணவன் ஒருவனின் தந்தையார் தமது கண்ணாடி நாரிழை வள்ளத்தைப் பழுதுபார்த்தார். அணியத்தருகே இருந்த வெடிப்பின்மீது நாரிழைத் துணியை வைத்துப் பிசின் பூசி, நன்கு காயவும் விட்டார். மூன்றாம் நாள் நடுக்கடலில் அவ்வொட்டு வாழைப்பட்டை உரிந்தாற்போலக் கழன்றது. நீரை இறைத்து இறைத்தே அவர் கரை சேர்ந்தார். பிசினையும் அதை விற்றவரையும் நொந்துகொண்டார். குற்றமோ அவ்விரண்டிலும் இல்லை. முன்னொருமுறை அதே வெடிப்பில் அவர் பூசியிருந்த சிலிக்கோன் பசையின் மிச்சமே காரணம்.

யான் கலைப்பட்டதாரி. எனினும் எமது விஞ்ஞான ஆசிரியரிடமும் வள்ளம் திருத்துவோரிடமும் கேட்டறிந்தவற்றைக் கூறுகின்றேன்.

மரத்தோணியின் பலகை இடுக்குகளிலே தும்பும் பஞ்சும் திணித்துக் கலப்பற்றிய காலத்தில், பழையது எஞ்சினால் கண்ணுக்குத் தெரியும். சிலிக்கோன் அவ்வாறன்று. சிலிக்கன் அணுவும் ஒட்சிசன் அணுவும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி அது. வெயிலும் உப்புநீரும் அதனை எளிதிற் சிதைப்பதில்லை. அதற்காகவே மக்கள் அதை விரும்புகின்றனர். ஆயினும் பசையைச் சுரண்டியபின்னும் புலனாகாத எண்ணெய்ப்படலம் ஒன்று தங்கிவிடும். அதன்மேற் பிசின் பற்றாது. வர்ணம் வட்டவட்டமாகக் குழிந்து விலகும். புதிய சிலிக்கோனும் அங்கே செவ்வையாக ஒட்டுவதில்லை.

ஆகவே முதலிற் செய்யத்தக்கது தேய்த்தல் அன்று. பலர் வழுவுவது இவ்விடத்திலேதான். தேய்க்கும் தாள் சிலிக்கோனைச் சுற்றிலும் இழுகிப் பரப்புவதோடு, தான் உண்டாக்கிய கீறல்களுக்குள்ளும் புகுத்திவிடும். ஒரு சாண் இடத்துப் பிழை ஒரு முழமாகப் பெருகும்.

முதலில் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சுரண்டியினாற் பசையைத் திரளாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். கத்தியைப் பயன்படுத்தின் அதனைச் சாய்த்துப் பிடித்தல் நன்று. வள்ளத்தின் மேற்பூச்சு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் கனமே உடையது. அசற்றோன் போதுமென்று எண்ணுவோர் உளர். இறுகிய சிலிக்கோனை அது கரைப்பதில்லை. சிலிக்கோனை அகற்றுவதற்கென்றே விற்கும் திரவத்தை இட்டு, அதிற் குறித்த நேரம் ஊறவிட்டுச் சுரண்டுதல் வேண்டும். பின்னர் நனைத்த துணியால் ஒரே திசையிலே துடைத்து, ஈரம் உலருமுன் வேறொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அழுக்கேறிய துணியை மீண்டும் தொடலாகாது. அது படலத்தை இடம்மாற்றுமேயன்றி நீக்காது. இறுதித் துடைப்புக்கு அசற்றோன் உதவும். அதன் ஆவி எளிதில் தீப்பற்றுமாதலால், சுருட்டுப் பிரியர்கள் அவ்வேளை எட்ட நிற்பார்களாக.

துப்புரவாயிற்றா என்பதனை நன்னீரே காட்டிவிடும். சிறிது தெளித்துப் பாருங்கள். தாமரையிலையிற்போல முத்துமுத்தாகத் திரண்டால் சிலிக்கோன் இன்னும் உண்டு. மெழுகிருந்தாலும் அவ்வாறே திரளும், அதுவும் அகற்றத்தக்கதே. நீர் பிரியாது படலமாகப் பரவினால், உலரவிட்டு, அதன்பின்னரே தாளாற் தேய்த்துத் தூசி துடைத்துப் பிசின் பூசலாம்.

அத்தந்தையார் முன்னரே தாளாற் தேய்த்திருந்தமையால், கீறல்களுக்குள் நின்ற சிலிக்கோனை எடுக்க மேற்பூச்சையே அரைத்து நீக்க வேண்டியதாயிற்று. இரண்டு நாள் வேலை ஒரு கிழமையாக நீண்டது. அக்கிழமை முழுதும் அவர் தொழிலுக்குப் போகவில்லை.