இரும்பு முளையும் இயற்கைப் பருத்தியும்

பஞ்சு விளைவிப்போரும் அதனை நெய்வோரும் ஒருங்கே அங்கம் வகிக்கும் நம் சங்கத்தாருக்கு, கடல் கடந்த ஒரு வியாபார ஸ்தாபனத்தின் வரலாறு பயன்படும் எனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து வெஞ்சுரா நகரிலுள்ள ‘பாட்டகோனியா’ கம்பெனியே அது. மலையேறுவோருக்கும் திறந்தவெளியில் உலாவுவோருக்கும் ஆடை செய்து விற்பது அதன் தொழில்.

அதன் ஸ்தாபகரான இவான் சூனார்ட், 1957-ல் பழைய உலை ஒன்றை வாங்கி, தாமே கொல்லு வேலை பயின்று, பாறை வெடிப்பில் அடித்துக் கயிறு மாட்டும் இரும்பு முளைகளைச் செய்தார். ஐரோப்பிய முளை 20 சென்டுக்குக் கிடைத்த நாளில் இவருடையதன் விலை ஒன்றரை டாலர். ஆயினும் விற்றது, ஏனெனில் இதனைப் பிடுங்கி மறுபடியும் அடிக்கலாம். அந்தச் சிறப்பே பின்னர் வினையாகவும் முடிந்தது. அடித்தும் பிடுங்கியும் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் பாறைகள் சிதைந்தன. 1972-ல் தம் விலைப்பட்டியலிலேயே முளையைக் கைவிடுமாறு எழுதி, கையால் செருகி எடுக்கும் அலுமினிய ஆப்புகளை அவர் விற்கத் தொடங்கினார். சோறு போட்ட சரக்கையே வேண்டாமென்று சொல்லும் வியாபாரியை நாம் அடிக்கடி காண்பதில்லை. ஆடைத் தொழில் 1973-ல் அந்தப் பெயரோடு தொடங்கிற்று.

நமக்கு மிகவும் நெருங்கிய செய்தி பருத்தியைப் பற்றியது. 1988-ல் பாஸ்டன் நகரில் திறந்த கடையில் ஊழியர்களுக்குத் தலைவலி உண்டாயிற்று. ஆராய்ந்தபோது, துணி சுருங்காமலும் கசங்காமலும் இருக்க ஏற்றிய பார்மால்டிஹைடு என்னும் ரசாயனமே காரணமெனத் தெரிந்தது. காற்றோட்டத்தைச் சரிசெய்வதோடு விட்டிருக்கலாம். அவர்களோ துணியிலிருந்து செடி வரை பின்னோக்கிச் சென்றனர். பூச்சி மருந்தோடு, இயந்திரம் பஞ்செடுக்க வசதியாக இலையுதிர்க்கும் மருந்தும் வயலில் தெளிக்கப்படுவதைக் கண்டனர். (கையால் பஞ்செடுக்கும் நம் உழவர்க்கு இது வியப்பாக இருக்கும்.) 1994-ல் தீர்மானித்து, 1996-க்குள் தங்கள் பருத்தி ஆடை முழுவதையும் ரசாயனமின்றி விளைந்த பஞ்சுக்கே மாற்றினர்.

தீர்மானம் எளிது, நிறைவேற்றம்தான் கடினம். அத்தகைய பஞ்சு தரகரிடம் கிடைக்கவில்லை. விளைவித்த சில உழவரை நேரே தேடிப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு பேலும் எந்த வயலினது என்பதற்குச் சான்று வேண்டும். அரவை ஆலையும் நூற்பாலையும் சிறிதளவு பஞ்சுக்காக இயந்திரத்தை முன்னும் பின்னும் துடைக்க மனமுவந்து இசையவில்லை. இலையும் காம்பும் மிகுந்து, அசுவினியின் பிசுபிசுப்போடு வந்த பஞ்சை நூற்போர் வெறுத்தனர். தாய்லாந்து ஆலைக்காரர் ஒருவர் அதனை உறைகுளிரில் வைத்து அந்தப் பிசுபிசுப்பை வென்றார். விதை முதல் நூல் வரை ஒருவரையொருவர் அறிந்திருந்தாலன்றி இம்மாற்றம் நடவாது. இந்த ஓரிடத்தில் கூட்டுறவுச் சங்கம் தனி முதலாளியை விடச் சாதகமான நிலையில் இருப்பதாக நாம் எண்ணுகிறோம்.

கம்பெனியின் கணக்கு எப்போதும் ஏறுமுகமாக இருந்ததில்லை. அளவுக்கு மீறி வளர்ந்து, மந்தம் வந்தபோது வங்கியும் கையைச் சுருக்கவே, 1991 ஜூலை 31 அன்று 120 பேரை, அதாவது ஊழியரில் ஐந்தில் ஒரு பங்கினரை, வேலையிலிருந்து நீக்கினர். பருத்தித் தீர்மானம் அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்ததென்பதைக் கவனிக்க வேண்டும். கையில் பணம் மிகுந்த நாளில் செய்த தருமம் அன்று.

1985 முதல், இயற்கைப் பாதுகாப்புக்கு இலாபத்திலன்றி விற்பனையில் நூற்றுக்கு ஒன்று ஒதுக்குவதாக உறுதி பூண்டனர். இலாபத்தில் பங்கு என்றால், இலாபமில்லாத ஆண்டில் கையை விரித்துவிடலாம். விற்பனையில் என்றால் தப்ப இடமில்லை. கணக்கு எழுதுவோர் இவ்வேற்றுமையை உடனே உணர்வர்.

குறை கூறுவோரும் உளர். 1993 முதல் பழைய பிளாஸ்டிக் புட்டிகளிலிருந்து கம்பளி போன்ற துணி செய்தனர். அத்தகைய செயற்கைத் துணி துவைக்கும்தோறும் நுண்ணிழைகளை நீரில் விடுகிறது. 2011 நவம்பரில் ‘இந்தச் சட்டையை வாங்காதீர்’ என்று விளம்பரமிட்டு, ஒரு மேற்சட்டைக்கு 135 லிட்டர் நீர் செலவாவதை ஒப்புக்கொண்டனர். அதன்பின் விற்பனை குறையவில்லை, வளர்ந்தது. இதனைத் தந்திரமென்பாருக்கு நாம் முழுமையாக மறுப்புச் சொல்ல இயலாது.

2022 செப்டம்பரில் சூனார்ட் குடும்பத்தார் தங்கள் உடைமையை விட்டுக்கொடுத்தனர். வாக்குரிமையுள்ள பங்குகள் ஓர் அறக்கட்டளைக்கும், ஏனைய 98 சதவீதம் இயற்கைப் பாதுகாப்புக்கான ஓர் அமைப்புக்கும் சென்றன. முதலாளி ஒருவர் தம் விருப்பப்படி இவ்வாறு செய்துவிடலாம். நம் சங்கத்தில் ஈவுத்தொகையில் ஒரு காசு குறைப்பதென்றாலும் பொதுக்குழு கூடி இசைய வேண்டும்.