வருமான வரிக் கணக்கு: நாமே எழுதலாம்!

"வருமான வரி" என்றதும் பலருக்குப் பயம். உடனே ஆடிட்டரைத் தேடி ஓடுகிறார்கள். பெரிய வியாபாரம் செய்பவருக்கு ஆடிட்டர் தேவைதான். நிலம், பங்கு விற்றவர்களும் விஷயம் தெரிந்தவரைக் கேட்பது நல்லது. ஆனால் மாதச் சம்பளக்காரரும் பென்ஷன் வாங்குவோரும் தாங்களே எழுதி விடலாம்.

இந்தியாவில் இந்த வரி வந்தது 1860-ம் ஆண்டில். கொண்டு வந்தவர் ஜேம்ஸ் வில்சன் என்ற வெள்ளைக்காரர்.

என்ன வேண்டும்?

பான் எண், ஆதாருடன் இணைந்த செல்போன், பாங்கிக் கணக்குப் புத்தகம், சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று. இவை போதும். வருமான வரி இலாகாவின் இணையதளத்தில் கட்டணம் கிடையாது. சம்பளம், பிடித்த வரி முதலியவற்றை அங்கே முன்பே நிரப்பி வைத்திருப்பார்கள். அதைச் சான்றுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். சேமிப்புக் கணக்கு வட்டியைப் பலர் மறந்து விடுவார்கள். அதையும் சேருங்கள்.

அனுப்பியதோடு வேலை முடியாது. 30 நாட்களுக்குள் ஆதார் மூலம் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்யாத கணக்கு செல்லாது!

உஷார்!

"நிறையப் பணம் திரும்ப வாங்கித் தருகிறேன். எனக்கு ஒரு பங்கு கொடுங்கள்" என்று சில ஆசாமிகள் வருவார்கள். கட்டாத வாடகையையும் கொடுக்காத நன்கொடையையும் எழுதுவார்கள். இப்படிப்பட்டவர்களைப் பிடிக்க 2025 ஜூலை 14-ந் தேதி 150 இடங்களில் அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள்.

பொய்க் கணக்குக்கு யார் பொறுப்பு? கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, அவர்தான்! குறைத்துக் காட்டிய வரியைப் போல இரு மடங்கு அபராதம் விழலாம்.

பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதும் கைக்கு இது பெரிய வேலையா?