கவலையும் காரியமும்

துன்பம் இருவகைப்படும். வந்து நேரில் நிற்கும் துன்பம் ஒன்று. வருமோ வருமோ என்று எண்ணி நாமே உள்ளத்தில் வளர்த்துக்கொள்ளும் துன்பம் மற்றொன்று. முன்னதற்கு ஓர் அளவுண்டு. கடனென்றால் இத்தனை ரூபாய், வியாதியென்றால் இன்ன உறுப்பு, வழக்கென்றால் இன்ன தேதி என்று வரையறுத்துக் கூறலாம். பின்னதற்கோ எல்லையே கிடையாது. மன அழுத்தம் என்னும் பெயரால் இக்காலத்தில் வீடுதோறும் பேசப்பட்டு வரும் மனப்பாரத்தில் பெரும்பகுதி இந்தப் பின்வகையைச் சேர்ந்தது என்பது நமது அபிப்பிராயம். அதனைக் குறைப்பதற்கு ஓய்வும் உறக்கமும் மாத்திரம் போதா. வருமுன் காக்கும் புத்தியும், காரியத்தில் இறங்கும் துணிவும் வேண்டும். இதனை நமது வாசகர்களுக்குச் சற்று விரிவாக எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

பத்திரிகைத் தொழிலுக்கு வருமுன் நாம் சில ஆண்டுகள் நியாயஸ்தலங்களில் வக்கீலாக உழைத்ததுண்டு. அக்காலத்தில் நம்மிடம் வந்த கக்ஷிக்காரர் ஒருவரை இன்றும் நாம் மறக்கவில்லை. சிறியதொரு மளிகைக்கடை வைத்துப் பிழைத்தவர், நாணயஸ்தர். சரக்கு வாங்கிய வகையில் மொத்த வியாபாரி ஒருவருக்கு அவர் பாக்கி வைத்திருந்தார். வியாபாரி பிராது கொடுத்தார். கோர்ட்டிலிருந்து பதிவுத் தபாலில் சம்மன் வந்தது. நமது கக்ஷிக்காரர் கையெழுத்திட்டு அதனை வாங்கிக்கொண்டார். ஆனால் உறையைப் பிரிக்கவில்லை. சுவாமி படத்திற்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார்.

அதன் பின்னர்ப் பல மாதங்கள் அவர் நிம்மதியாக உறங்கவில்லை. தெருக்கோடியில் தபால்காரரைக் கண்டால் கடையின் உட்புறம் போய்விடுவார். உணவு செல்லவில்லை; இரத்தக் கொதிப்பு ஏறிற்று; மனைவி மக்களிடம் காரணமின்றிச் சீறி விழுந்தார். கடைசியில் ஜப்தி உத்தரவோடு அமீனா வந்து வாசலில் நின்ற பிறகுதான் நம்மிடம் ஓடிவந்தார். உறையை நாமே பிரித்தோம். "பிரிக்காமல் இருக்கிற வரைக்கும் அது இல்லாத மாதிரி இருந்ததுங்க, ஐயா" என்று அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

பிராதில் கேட்கப்பட்டிருந்த தொகையில் ஒரு பகுதியை அவர் முன்பே செலுத்தி, ரசீதும் பத்திரமாக வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டுமென்றும், தக்க காரணங் காட்டினால் 90 நாள் வரையில் கோர்ட்டு அவகாசம் தரலாமென்றும் சிவில் நடைமுறைச் சட்டம் கூறுகிறது. கடனைத் தவணையில் செலுத்தும்படி உத்தரவிடவும் அச்சட்டத்தில் இடமுண்டு. எதிர்வாதமின்றி ஒருதலையாகத் தீர்ப்பாகிவிட்டாலும், அதனை ரத்துச் செய்யக் கோருவதற்கு மேலும் 30 நாள் உண்டு. இத்தனை கதவுகளும் அவருக்காகத் திறந்திருந்தன. அவை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்த காலம் முழுவதும் அவர் கவலைப்பட்டுக்கொண்டுதான் இருந்தார். தாமதத்தை மன்னிக்கும்படி மனுச்செய்து, ஒரு தொகையைக் கோர்ட்டில் கட்டி, வழக்கை ஒருவாறு மீட்டோம். கணக்குத் தீர்ந்து கடன் ஒழிந்தது. இரத்தக் கொதிப்பு மாத்திரம் அவரை விட்டு ஒழியவில்லை.

இம்மனிதரைச் சோம்பேறி என்று சொல்லத் துணிவார் யார்? விடியுமுன் கடை திறந்து, இரவு பத்து மணிக்கு அடைப்பவர் அவர். காரியம் செய்வதற்கு வேண்டிய சக்தி முழுவதையும் கவலை தின்றுவிட்டது, அவ்வளவுதான். இது எவ்வாறு நிகழ்கிறதென்பதைச் சாஸ்திரிகள் நன்கு ஆராய்ந்திருக்கின்றனர்.

அமெரிக்காவில் ஹார்வர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த வால்டர் கானன் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அச்சமும் கோபமும் தோன்றும்போது உடல் சண்டைக்கோ ஓட்டத்திற்கோ தன்னைத் தயார் செய்துகொள்ளுகிறது என்பதை விளக்கினார். இருதயம் விரைகிறது; இரத்தத்தில் சர்க்கரை மிகுகிறது; ஜீரணம் நின்றுபோகிறது. புலி எதிரில் நின்றால் இவையெல்லாம் உயிர் காக்கும் உபாயங்களே. ஆனால் பிரிக்கப்படாத கடிதத்தோடு சண்டையிடுவதெப்படி? அதனிடமிருந்து ஓடுவதுதான் எங்கே? கானடாவில் மாண்ட்ரீயல் நகரிலிருந்த ஹான்ஸ் ஸெல்யே 1936-ஆம் ஆண்டில் எலிகளை வைத்து நடத்திய பரிசோதனைகளைப் பற்றி எழுதினார். துன்பம் எவ்வகையினதாயினும், அது நீடித்தால் அவற்றின் உடல் ஒரே வகையாய்ச் சீர்குலைவதை அவர் கண்டார். முதலில் திடுக்கீடு, அடுத்துத் தாங்கி நிற்றல், முடிவில் களைத்து விழுதல் என்று அவர் மூன்று நிலைகளை வகுத்தார். நமது கக்ஷிக்காரர் இம்மூன்று நிலைகளையும் கடைக்குள்ளிருந்தவாறே கடந்துவிட்டார்.

இதனினும் முக்கியமான உண்மையொன்று 1967-ஆம் ஆண்டில் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் வெளிப்பட்டது. மார்ட்டின் ஸெலிக்மன், ஸ்டீவன் மேயர் என்னும் இருவர் நாய்களுக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தனர். ஒரு பிரிவு நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தி அதிர்ச்சியை நிறுத்த முடிந்தது; மற்றொரு பிரிவுக்கு அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் நிறுத்தும் வழி கிடையாது. பிறகு தாழ்ந்த தடுப்பொன்றைத் தாண்டினால் தப்பிக்கக்கூடிய பெட்டியில் அவற்றை விட்டபோது, முதற்பிரிவு நாய்கள் தாண்டின. இரண்டாம் பிரிவில் பல நாய்கள் படுத்துக் கிடந்தபடியே துன்பத்தை ஏற்றுக்கொண்டன. அவற்றைக் கயிற்றால் இழுத்துத் தடுப்புக்கு அப்பால் பன்முறை கொண்டுபோய்விட்ட பின்னர், அவையும் தாமாகவே தாண்டத் தலைப்பட்டன. கொடுமையான பரிசோதனைதான், அதனை நாம் புகழவில்லை. எனினும் அது கற்பித்த பாடத்தைத் தள்ளிவிட இயலாது.

அவ்விருவருமே ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் கழித்து, 2016-ஆம் ஆண்டில், தங்கள் பழைய கொள்கையைத் திருத்திக்கொண்டார்கள். செயலற்றுக் கிடப்பதை உயிர்கள் கற்றுக்கொள்ளுகின்றன என்று முன்னர்க் கூறியவர்கள், நீடித்த துன்பத்தில் செயலற்றுப்போவது மூளையின் இயல்பே என்றும், 'இது என் கைக்கு அடங்கும்' என்னும் உணர்வையே உயிர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறதென்றும் எழுதினார்கள். இதில் பெரியதோர் ஆறுதல் இருக்கிறது. துன்பத்தில் அசையாது நின்றுவிட்டவன் தன்னைக் கோழையென்று நொந்துகொள்ள வேண்டியதில்லை. சிறியதொரு காரியத்தைச் செய்து முடித்து, அதன் பலனைக் கண்ணால் கண்டானாயின், மூளை புதிய பாடத்தைக் கற்கத் தொடங்கும். முதல் முறை பிறர் கைப்பிடித்து அழைத்துச் செல்லவும் நேரலாம். அதில் வெட்கமென்ன?

அப்படியானால் செய்ய வேண்டியது யாது? 1997-ஆம் ஆண்டில் லிஸா ஆஸ்பின்வால், ஷெல்லி டெய்லர் என்னும் இரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் வருமுன் காத்தலை ஐந்து படிகளாக வகுத்தனர். நல்ல காலத்திலேயே பணம், காலம், நட்பு ஆகிய துணைகளைச் சேர்த்து வைத்தல் முதற்படி. அபாயத்தின் அறிகுறியைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளுதல் இரண்டாவது. அது எத்தன்மையது, எதுவரை வளரும் என்று நிதானமாக மதிப்பிடுதல் மூன்றாவது. கைக்கெட்டிய சிறு முயற்சியை உடனே செய்தல் நான்காவது. செய்ததனால் என்ன விளைந்ததென்று பார்த்து, வழியைத் திருத்திக்கொள்ளுதல் ஐந்தாவது. நமது பாட்டிமார் அடுக்குப்பானையில் அரிசியும், அஞ்சறைப் பெட்டியில் சில்லறையும் ஒதுக்கி வைத்த காலத்தில் முதற்படியை யாரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

நாமும் இவ்விஷயத்தில் குற்றமற்றவர்களல்லோம். 2022-ஆம் ஆண்டில் அச்சுக் காகிதத்தின் விலை கட்டுக்கடங்காது ஏறியபோது, காகித வியாபாரியிடமிருந்து வந்த கடிதமொன்றை மூன்று வாரம் மேஜை அறையில் பூட்டி வைத்திருந்தோம். அம்மூன்று வாரமும் நாம் எழுதிய தலையங்கங்களில் சுவையில்லை என்று நண்பர் ஒருவர் கூறினார். கக்ஷிக்காரரின் நினைவு வந்து, ஒரு நாள் காலையில் அதனைப் பிரித்தோம். விலையுயர்வு நாம் அஞ்சியபடியே இருந்தது. ஆனால் அன்று மாலையே பக்கங்களைக் குறைப்பதெவ்வளவு, தவணை கேட்பதெவ்வளவு என்று கணக்கெழுத உட்கார்ந்துவிட்டோம். கஷ்டம் தீரவில்லை, உறக்கம் வந்தது.

வாசகர்களுக்கு நாம் கூறும் முறை எளிது. மனத்தை அரிக்கும் கவலைகளை ஒரு தாளில் எழுதுக. ஒவ்வொன்றின் எதிரிலும், அடுத்தபடி செய்யவேண்டிய ஒரே ஒரு காரியத்தையும், அதனைச் செய்யும் நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்க. 'பாங்கு விஷயத்தைக் கவனிக்கவேண்டும்' என்று எழுதுவது பயனற்றது. 'திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பாங்குக்குப் போய்க் கணக்கு நகல் கேட்பேன்' என்று எழுதுவதே காரியம். இன்ன வேளையில், இன்ன இடத்தில், இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே நிச்சயித்துக்கொண்டவர்கள் அதனை நிறைவேற்றுவது அதிகம் என்பதை ஜெர்மானிய மனோதத்துவ நிபுணர் பீட்டர் கோல்விட்ஸர் எடுத்துக்காட்டியிருக்கிறார். சொத்தை ஈடுவைத்துக் கடன் வாங்கியவருக்கு 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாங்கின் நோட்டீஸ் வந்தால், பணம் செலுத்த 60 நாள் கெடு உண்டு. ஆக்ஷேபணை எழுதி அனுப்பினால், அதனை ஏற்காத காரணத்தை 15 நாட்களுக்குள் பாங்கு தெரிவித்தாக வேண்டும். நோட்டீஸைப் பிரித்தவனுக்குத்தான் அந்த 60 நாளும் சொந்தம்.

எல்லாம் தன் கையில் இருக்கிறதென்று எண்ணுவதும் ஒரு பிரமையே. மழை பொய்ப்பதும், அன்பர் இறப்பதும், தீராப்பிணி வருவதும் நமது உத்தரவுக்கு அடங்கியவையல்ல. ரிச்சர்ட் லாஸரஸ், ஸூஸன் போக்மன் இருவரும் 1984-ஆம் ஆண்டில் எழுதிய நூலில், துன்பத்தின் காரணத்தை மாற்ற முயலுதல், அதனால் எழும் உணர்ச்சியை ஆற்றிக்கொள்ளுதல் என்னும் இரண்டு வழிகளையும் பிரித்துக் காட்டினார்கள். மாற்றக்கூடியதில் அழுதுகொண்டிருப்பதும், மாற்றக்கூடாததில் முட்டிக்கொண்டிருப்பதும் ஒன்றுபோலவே வீண். பிரார்த்தனை, நடை, இசை, நண்பரோடு பேச்சு முதலியவற்றுக்கு உரிய இடம் பின்னதில் பெரிது.

மற்றொன்றையும் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. 'உன் மனத்தை நீயே திருத்திக்கொள்' என்ற உபதேசம், பிறர் தலையில் பாரம் ஏற்றுகிறவர்களுக்கு வசதியான சாக்காகிவிடக் கூடாது. லண்டனில் அரசாங்க உத்தியோகஸ்தர்களைக் குறித்து 1967-ஆம் ஆண்டில் ஒயிட்ஹால் ஆராய்ச்சி தொடங்கியது. பெரிய பதவியின் பொறுப்பே இருதயத்தைக் கெடுக்கும் என்று பலரும் நினைத்திருக்க, கடைசிப் படியிலிருந்த ஊழியர்களின் மரண விகிதம் உச்சிப் படியிலிருந்தவர்களைப்போல் சுமார் மூன்று மடங்கு இருந்ததென்று தெரியவந்தது. 1985-ஆம் ஆண்டில் 10,308 ஆண் பெண் ஊழியர்களைக் கொண்டு தொடங்கிய இரண்டாவது ஆராய்ச்சியில், தம் வேலையைத் தாமே நடத்திக்கொள்ளும் சுதந்திரம் குன்றியிருப்பது இருதய நோய்க்கு முக்கியமானதொரு காரணமென்று மைக்கேல் மார்மட்டும் அவருடைய சகாக்களும் 1997-ஆம் ஆண்டில் காட்டினர். ஆலை முதலாளிகளும், ஆபீஸ் தலைவர்களும், பள்ளிக்கூட அதிகாரிகளும் இதனைப் படிக்கவேண்டும். வேலையின் வேகத்தையும் முறையையும் நிச்சயிப்பதில் ஊழியனுக்குப் பங்கு கொடாமல், அவனைத் தியான வகுப்புக்கு அனுப்புவது, கூரையை மாற்றாமல் குடை கொடுப்பது போன்றதாகும்.

துயரம் முற்றி, உயிரையே வெறுக்கும் நிலை வந்துவிட்டால், தாளும் பேனாவும் போதா; வைத்தியரை நாடவேண்டும். 2022-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி உதவியும் இதற்கென்றே ஏற்பட்டது. அங்கே பேசுவதும் காரியத்தில் இறங்குவதே.

திருவள்ளுவர் ஆள்வினை உடைமையை 62-ஆம் அதிகாரமாகவும், இடுக்கண் அழியாமையை 63-ஆம் அதிகாரமாகவும் அமைத்தார். முயற்சி முன்னே, கலங்காமை அதன் பின்னே. மனம் தெளிந்த பிறகு காரியத்தைத் தொடங்கலாம் என்று காத்திருப்பவர்கள் இவ்வரிசையைச் சற்றுக் கவனிப்பார்களாக. நம்மில் ஒவ்வொருவர் வீட்டிலும் சுவாமி படத்திற்குப் பின்னாலோ, மேஜை அறையிலோ, கைத்தொலைபேசியிலோ பிரிக்கப்படாத கடிதம் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அதனை இன்றைக்கே பிரித்துப் படியுங்கள் என்று வேண்டிக்கொள்ளுகிறோம். தனியே பிரிக்க மனம் துணியாவிட்டால், நம்பிக்கையுள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பிரியுங்கள்.