குரோம்பேட்டைக்குத் தேவையான கேள்வி: எந்தக் குரோமியம்?

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்ரயிலில் சானடோரியத்தை அடுத்து வருவது குரோம்பேட்டை. அங்கே இயங்கிய குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் அது. அதற்கடுத்த பல்லாவரமும் தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போனது. பதனிடப் பயன்படும் குரோமிய உப்பில் தோல் உறிஞ்சாமல் விட்ட பகுதி கழிவுநீரோடு வெளியேறும்.

குரோமியம் இருக்கிறதா என்று மட்டும் கேட்பது போதாது. தோல் பதனிட உதவுவது மூன்று இணைதிறன் குரோமியம். அதன் நச்சுத்தன்மை குறைவு. ஆறு இணைதிறன் குரோமியமோ புற்றுநோயை உண்டாக்கவல்லது. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு முதல் வகையை இரண்டாவதாக மாற்றவும் கூடும்.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் முறைகளில் ஒன்று, ஆய்வகங்களில் 'எக்ஸ்பிஎஸ்' எனப்படும் எக்ஸ் கதிர் ஒளிமின்னணு நிறமாலையியல். காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். நிறுவனத்திலும் சென்னை ஐஐடியிலும் இதற்கான கருவிகள் உண்டு.

வெற்றிடத்தில் வைத்த மாதிரியின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். அலுமினியத்திலிருந்து வரும் கதிரின் ஆற்றல் 1486.6 எலெக்ட்ரான் வோல்ட். அதில் ஒரு பங்கு அணுவின் பிடியிலிருந்து எலெக்ட்ரானை விடுவிக்கச் செலவாகிறது. மீதியோடு எலெக்ட்ரான் வெளியே பறக்கிறது. நூறு ரூபாய் கொடுத்து, வாங்கிய மீதியை எண்ணினால் பொருளின் விலை தெரிந்துவிடும் அல்லவா? அதே கணக்குதான். எலெக்ட்ரான்களை அதிகம் இழந்த அணு, எஞ்சியவற்றை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஆகவே பிடிப்பின் ஆற்றலை வரைந்தால், மூன்று இணைதிறன் குரோமியம் சுமார் 577 எலெக்ட்ரான் வோல்ட்டிலும், ஆறு இணைதிறன் குரோமியம் 579-580-லும் முகடு காட்டும். இந்தச் சிறு இடைவெளிதான் நஞ்சை அடையாளம் காட்டுகிறது.

1905-இல் ஐன்ஸ்டீன் தந்த ஒளிமின் விளைவின் விளக்கமே இதன் வேர். அதை வேதியியலின் கருவியாக வளர்த்த ஸ்வீடனின் கை சீக்பான் 1981-இல் நோபல் பரிசு பெற்றார்.

எல்லைகளும் உண்டு. மேற்பரப்பில் பத்து நானோமீட்டர் ஆழம்வரைதான் இதன் பார்வை. நீண்ட நேரம் கதிர்பட்டால் ஆறு இணைதிறன் குரோமியமே மூன்று இணைதிறன் வகையாக மாறிவிடலாம். அவசரக்காரர் கையில் கருவி தவறான நிம்மதியைத் தந்துவிடும். கிணற்று நீரையும் அப்படியே வெற்றிடத்துக்குள் வைக்க முடியாது. ஆனால் நீரைச் சுத்திகரிக்கும்போது குரோமியத்தைப் பிடித்து வைக்கும் வடிபொருள் நஞ்சை வெறுமனே தேக்கியதா, தீங்கு குறைந்ததாக மாற்றியதா என்று அறிவதில்தான் இதன் அருமை.

குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். தோல் ஆலைகளை அடுத்து வாழ்பவர்கள் கிணற்று நீரைச் சோதிக்கும்போது, ஆறு இணைதிறன் குரோமியத்தின் அளவையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு எக்ஸ்பிஎஸ் வேண்டாம். எளிய நிறமறி சோதனையே போதும்.