பங்குகள் கேட்ட பங்கு

1691-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள், இஸ்பானிய வீரரும் பிரான்சிஸ்கன் துறவியரும் அடங்கிய குழு ஒன்று, இன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலமாக விளங்கும் நிலப்பகுதியில் ஓர் ஆற்றங்கரையை அடைந்தது. அன்று பதுவைப் பதியராம் புனித அந்தோனியாரின் திருநாள். ஆகவே அவ்வாற்றுக்கு அவர் பெயரையே இட்டனர். பின்னர் அக்கரையில் எழுந்த நகரமும் சான் அன்டோனியோ என்றே வழங்கலாயிற்று. செவ்வாய்தோறும் அப்புனிதரை நாடிச் செல்லும் நம் மக்களுக்கு இப்பெயர் அயலானதன்று. ஆயினும் இக்கட்டுரை அந்தோனியாரைப் பற்றியதன்று; அவர் பெயர் தாங்கிய நகரத்தில் அரசாங்கப் பணம் பங்கிடப்பட்ட விதத்தைப் பற்றியது. அரசாங்க மானியத்திற்குக் குடும்ப இதழில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். அம்மானியத்தில் ஏழைகளுக்கு உரியதைக் கேட்டுப் பெற்றவர்கள் கத்தோலிக்கப் பங்கு மக்கள். அவருள்ளும் முன்னின்றோர் பெரும்பாலும் குடும்பத் தலைவியர்.

சான் அன்டோனியோவின் மேற்குப் பகுதி தாழ்வான நிலம். அங்கே ஓடைகள் பல. மெக்சிக்க வழிவந்த ஏழை மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்து வருகின்றனர். 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் பெருவெள்ளம் வந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டு போயிற்று. மாண்டவர்களுள் மிகுதியானோர் இம்மேற்குப் பகுதியினர். அதன் பின் நகரத்தார் ஆல்மோஸ் என்னுமிடத்தில் அணை கட்டினர். அது காத்தது நகரின் நடுவே இருந்த கடைவீதிகளையும் அலுவலகங்களையும். பிணங்கள் மிதந்த ஓடைகளோ பல்லாண்டுகள் முன்போலவே கிடந்தன. மழை பெய்தால் தெரு சேறாகும். பிள்ளைகள் பள்ளிக்கு அச்சேற்றில் நடப்பர். பெருமழை எனில் கட்டில் மட்டத்திற்கு நீர் ஏறும். பிற்பட்ட நாடொன்றின் செய்தியைப் படிப்பது போல் தோன்றும். ஆயினும் இது விண்வெளிக்கு மனிதனை அனுப்பிய அதே நாட்டின், அதே டெக்சாஸ் மாநிலத்தின் கதை.

1974-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நேர்ந்தன. 7-ஆம் நாள் மேற்குப் பகுதியில் மீண்டும் வெள்ளம் புகுந்தது. 22-ஆம் நாள், தலைநகர் வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் ஃபோர்டு, வீட்டு வசதி மற்றும் சமூக மேம்பாட்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஒன்றுக்கொன்று தொடர்பின்றி நிகழ்ந்த இவ்விரண்டும் பின்னர் ஒன்றாகப் பிணைந்தன.

அச்சட்டம் செய்தது என்ன? அதற்கு முன் மத்திய அரசு, குடிசைப் பகுதிகளைச் சீரமைக்க ஒன்று, குடிநீருக்கும் கழிவுநீருக்கும் ஒன்று, பூங்காவுக்கு ஒன்று எனத் தனித்தனியே மானியங்கள் அளித்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் நகரங்கள் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். புதிய சட்டம் இவற்றையெல்லாம் ஒரே தொகுப்பாக்கியது. மக்கள் தொகை, வறுமை, நெருக்கடியான குடியிருப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு, 50,000-க்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட நகரங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை உரிமையாகவே கிடைக்கும். எந்தத் தெருவுக்கு, எந்த வடிகாலுக்கு, எந்த வீட்டுக்கு என்று தீர்மானிப்பது அந்தந்த மாநகர மன்றத்தின் பொறுப்பு. ஏழைகளின் வறுமையைக் கணக்கிட்டு நகரத்துக்குப் பணம் வருகிறது. ஆனால் வந்த பணம் அவ்வேழைகளின் தெருவுக்குப் போய்ச் சேருமா என்பது மன்றத்தில் அமர்ந்திருப்போரைப் பொறுத்தது. இச்சட்டத்தின் நன்மையும் ஆபத்தும் இவ்விடத்தில்தான் உள்ளன. சான் அன்டோனியோவில் அக்காலத்தில் மன்ற உறுப்பினர் அனைவரும் நகரம் முழுவதற்கும் பொதுவாகவே தேர்ந்தெடுக்கப்பட்டனர். மேற்குப் பகுதிக்கென்று ஒருவர் இல்லை.

வெள்ளத்திற்குச் சில திங்கள் முன்னரே மேற்குப் பகுதிப் பங்குகளில் ஒரு புதிய முயற்சி தொடங்கியிருந்தது. ஊர்க்காரரான எர்னஸ்டோ கோர்ட்டெஸ் என்பவர் சிக்காகோவில் மக்களை ஒன்றுதிரட்டும் கலையில் பயிற்சி பெற்று 1973-இல் திரும்பி வந்தார். இயேசு சபைக் குருவான எட்மண்டோ ரோட்ரிகெஸ் போன்ற பங்குத் தந்தையர் அவருக்குக் கதவு திறந்தனர். கோர்ட்டெஸ் அரசியல்வாதிகளைத் தேடவில்லை. திருவிழாவுக்குப் பலகாரம் செய்து விற்றுக் கணக்கு ஒப்படைப்பவர் யார், பள்ளிப் பெற்றோர் சங்கத்தை நடத்துபவர் யார், துக்க வீட்டில் முதலில் போய் நிற்பவர் யார் என்றே விசாரித்தார். நம்மூரில் என்றால் மரியாயின் சேனையாரும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் என்று சொல்லலாம். இவ்வாறு பங்குகளின் கூட்டமைப்பாக எழுந்ததே ‘காப்ஸ்’ என்னும் இயக்கம். பொதுப்பணிக்கென ஒழுங்கமைந்த சமூகங்கள் என்பது அப்பெயரின் பொருள். காவலரைக் குறிக்கும் ஆங்கிலக் கொச்சைச் சொல்லும் அதுவே. அதன் முதல் தலைவர் ஆண்ட்ரெஸ் சராபியா. அவருக்குப் பின் தலைமை ஏற்றவர் பியாட்ரிஸ் கயெகோஸ் என்னும் இல்லத்தரசி.

வெள்ளம் வடிந்ததும் இவர்கள் நூற்றுக்கணக்கில் மாநகர மன்றத்துக்குச் சென்றனர். வெறுங்கையோடு செல்லவில்லை. நகரத்தின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, மேற்குப் பகுதியின் முக்கிய வடிகால் திட்டமொன்று 1945-ஆம் ஆண்டிலேயே அவற்றில் இடம்பெற்றிருந்ததைக் கண்டுபிடித்திருந்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அது தாளிலேயே இருந்தது! மன்றத்தாரால் இதை மறுக்க இயலவில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே 15 வடிகால் திட்டங்களுக்காக 4 கோடியே 68 லட்சம் டாலர் கடன் பத்திரம் வெளியிட நகர வாக்காளர் ஒப்புதல் அளித்தனர்.

இதோடு அவர்கள் நிற்கவில்லை. 1975-இன் தொடக்கத்தில் நகரின் பெரிய துணிக்கடை ஒன்றில் நூற்றுக்கணக்கானோர் நுழைந்து, விலையுயர்ந்த மேலாடைகளை அணிந்து பார்த்துக்கொண்டே நின்றனர், ஒன்றையும் வாங்கவில்லை. ஒரு வங்கியில் வரிசையாக நின்று டாலரைச் சில்லறையாக்குவதும், அச்சில்லறையை மீண்டும் டாலராக்குவதுமாக வேலையை முடக்கினர். நகரத்தின் வணிகப் பெருந்தலைகளைப் பேச்சுக்கு இழுப்பதற்கான உபாயம் இது. சட்டம் மீறப்படவில்லை, கல் ஒன்றும் எறியப்படவில்லை. ஆயினும் திருச்சபையின் பெயரால் இது தகுமா என்று அன்று பலர் கேட்டனர். எனக்கும் இதில் முழு உடன்பாடு உண்டென்று சொல்ல மாட்டேன். நாள் முழுவதும் சில்லறை எண்ணி அலுத்த அவ்வங்கிப் பணிப்பெண்ணும் கூலிக்கு உழைப்பவள்தானே!

மத்திய மானியம் வரத் தொடங்கியதும் முதல் சோதனையும் வந்தது. தாழ்ந்த வருமானத்தாரின் பகுதிகளுக்கென வந்த அப்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு கோல்ஃப் ஆடுகளம் ஒன்றை வாங்க நகர நிருவாகம் எண்ணியது. சேற்றில் நடந்து பள்ளி செல்லும் பிள்ளைகளின் பெயரால் வந்த பணம் புல்வெளிப் பந்தாட்டத்திற்கா? பங்கு மக்கள் கொதித்தெழுந்தனர். அன்றிலிருந்து, ஒவ்வோராண்டும் மானியம் பங்கிடப்படுமுன் தாங்களே ஒரு பட்டியலோடு செல்வதென்று முடிவு செய்தனர்.

அந்தப் பட்டியல் உருவான முறைதான் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. முதலில் வீட்டுக் கூட்டங்கள். ஒரு வீட்டின் சமையலறையிலோ முற்றத்திலோ அண்டை அயலார் கூடி, தங்கள் தெருவுக்குத் தேவையானவற்றைச் சொல்வர். ஒருத்தி நடைபாதை என்பாள். மற்றொருத்தி தெருவிளக்கு என்பாள். முதியவர் ஒருவர் தம் வீட்டுக் கூரையைக் காட்டுவார். பின்னர் நகரப் பொறியாளரிடம் சென்று ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவைக் கேட்டறிவர். பங்கு அளவில் கூட்டிப் பார்த்தால் தொகை மலையாக நிற்கும். அதைக் குறைக்க வேண்டும். குறைத்த பட்டியல்களோடு ஒரு தொகுதியிலுள்ள பங்குகளின் பிரதிநிதிகள் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்வர். அங்கே, கிடைக்கக்கூடிய தொகை இவ்வளவே என்று முதலிலேயே சொல்லப்படும். அதற்குள் அடங்க வேண்டும். புனித குவாதலூப்பே அன்னையின் பங்கும் பிற பங்குகளும் ஒன்றையொன்று பார்த்து, இவ்வாண்டு உங்கள் வடிகால், அடுத்த ஆண்டு எங்கள் சாலை என்று உடன்பாட்டுக்கு வருவர். அதன் பின்பே பொது விசாரணைக் கூட்டம். அங்கே, இவ்வாண்டு ஒன்றும் பெறாத பங்கின் மக்களும் வந்து நின்று, பெறும் பங்குக்காகக் குரல் கொடுப்பர்.

நான் பங்குப் பணியில் கண்ட வரையில், அரசிடம் போய்க் கேட்பது அத்துணைக் கடினமன்று. மனு எழுதக் கற்ற எவரும் கேட்கலாம். தன் மக்களிடமே திரும்பி வந்து, ‘இவ்வாண்டு நம் தெரு இல்லை, அவர்கள் தெருதான்’ என்று சொல்லி, அதன் பின்னும் அவர்களைத் தன்னோடு வைத்துக்கொள்வதே கடினம். தொடக்கத் திருச்சபையில் அன்றாடப் பகிர்வின்போது கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப் போயினர் என்ற முணுமுணுப்பு எழுந்ததையும், அதற்கெனவே எழுவர் நியமிக்கப்பட்டதையும் திருத்தூதர் பணிகள் நூலில் நாம் வாசிக்கிறோம். பங்கிடுவதில் தகராறு வருவது புதிதன்று. சான் அன்டோனியோ மக்கள் அத்தகராற்றை மறைக்காமல் மேசைக்குக் கொண்டு வந்தனர். ஒவ்வொரு திட்டத்திற்கும் எதிரே தொகையை எழுதி வைத்துப் பேசினர். நகரின் மானியத்தில் பெரும் பகுதி அவர்களது பட்டியலின்படியே செலவாயிற்றென்றால், அதற்கு முதற்காரணம் கூட்டத்தின் எண்ணிக்கையன்று, கணக்கின் நேர்மையே என்று கருதுகிறேன். இன்னொன்றும் உண்டு. அரசுப் பணத்தில் ஒரு டாலரையும் தன் சொந்தச் செலவுக்கு ஏற்பதில்லை என்பது அவ்வியக்கத்தின் கொள்கை. பங்குகள் செலுத்தும் சந்தாவே அதன் ஆதாரம். தேர்தலில் எவரையும் அது ஆதரித்து நிற்பதில்லை. வேட்பாளரை மேடைக்கு அழைத்து, ஆம் அல்லது இல்லை என்று விடை கேட்கும்.

1977-இல் நகரின் தேர்தல் முறையும் மாறியது. மேயர் தவிர மற்ற 10 உறுப்பினரும் தனித்தனித் தொகுதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்படலாயினர். மெக்சிக்க வழியினரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து முதன்முறையாகப் பெரும்பான்மை பெற்றனர். 1981-இல் மேயரான ஹென்றி சிஸ்னெரோஸ், 1993-இல் இம்மானியங்களை நாடு முழுவதற்கும் வழங்கும் மத்தியத் துறையின் அமைச்சராகவே ஆனார். அந்நகரின் நாடாளுமன்ற உறுப்பினரான ஹென்றி கொன்சாலெஸின் பெயரைத் தாங்கிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டு வசதிக்கு மட்டுமே உரிய ‘ஹோம்’ என்னும் தனி மானியத்தைத் தோற்றுவித்தது.

விதிகளும் காலப்போக்கில் இறுகின. இன்று தொகுப்பு மானியத்தில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் தாழ்ந்த, நடுத்தர வருமானத்தாருக்குப் பயன்பட வேண்டும். செலவுத் திட்டத்தை முன்கூட்டியே வெளியிட்டு, மக்கள் கருத்துக் கூற 30 நாள் விட வேண்டும்; பொது விசாரணை நடத்த வேண்டும். நல்ல விதிகளே. ஆனால் வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 80 விழுக்காட்டுக்கு உட்பட்ட குடும்பங்கள் அனைத்தும் இக்கணக்கில் அடங்கும். எனவே மிக வறியவர் ஒருவரையும் தொடாமலே 70 விழுக்காட்டை ஒரு நகரம் நிரப்பிக் காட்டலாம். விசாரணைக் கூட்டத்திற்கு வருவோர் யார் என்பதே அப்போதும் கேள்வி. சொந்த வீடும் நிலையான பங்கும் உள்ளவர் வருவர். மாதம் ஒரு வாடகை அறைக்கு மாறுவோரும், பாலத்தடியில் படுப்போரும் வருவதில்லை. காப்ஸின் வெற்றியிலும் இக்குறை உண்டு. சாலை, வடிகால் என வீட்டுக்காரரின் தேவைகளே அதன் பட்டியலில் முன்னின்றன. கத்தோலிக்கர் குறைவாயிருந்த கிழக்குப் பகுதிக் கறுப்பின மக்கள் தொடக்கத்தில் அதில் இடம்பெறவில்லை. பிற திருச்சபைகளையும் சேர்த்த ‘மெட்ரோ அலையன்ஸ்’ என்னும் துணை அமைப்பு பின்னரே உருவாயிற்று.

பணமும் சுருங்கி வருகிறது. 1975-இல் நாடு முழுவதற்கும் ஏறக்குறைய 240 கோடி டாலராக இருந்த தொகுப்பு மானியம், அண்மை ஆண்டுகளில் 330 கோடி அளவில் நிற்கிறது. இடையில் விலைவாசி ஐந்து மடங்குக்கும் மேல் உயர்ந்துவிட்டது. அன்று பல தெருக்களைச் செப்பனிட்ட தொகையில் இன்று ஒன்றிரண்டையே செப்பனிடலாம். 2017-இல் அரசின் வரவு செலவுத் திட்டம் இம்மானியத்தை அறவே நீக்கப் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதற்கு இணங்கவில்லை. 2025-இல் அதே பரிந்துரை மீண்டும் வந்தது. பட்டியல்கள் நீள, தொகை குறையக் குறைய, ‘அடுத்த ஆண்டு உங்கள் தெரு’ என்று ஒரு பங்கு மற்றொரு பங்குக்குத் தரும் வாக்கு நிறைவேற எடுக்கும் ஆண்டுகளும் கூடுகின்றன.