'பிள்ளை': இளமைப் பெயர் குடும்பப் பெயரான வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழர் பெயர்களின் இறுதியில் வரும் 'பிள்ளை' என்னும் சொல் பெரும்பாலும் சாதிப் பட்டமாகவே கொள்ளப்படுகிறது. எனினும் இச்சொல் இளமைப் பெயர், சிறப்புப் பெயர், தொழிற்பெயர், சாதிப் பட்டம், குடும்பப் பெயர் என ஐவகைப் பயன்பாடு உடையது. அவற்றைக் காலமும் இடமும் கருதி வேறுபடுத்திக் காட்டும் இக்கட்டுரை, பெயரில் 'பிள்ளை' இருப்பதைக் கொண்டு மட்டுமே ஒருவரின் சாதியைத் துணிவது பிழை என்பதை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: பிள்ளை, ஆட்பெயர், பட்டம், மரபியல், புலம்பெயர் தமிழர்

முன்னுரை

சமூக வரலாற்றை ஆராய்வோர்க்கு ஆட்பெயர்கள் முதன்மைச் சான்றுகளாகும். 'பிள்ளை' என முடியும் பெயரைக் கண்டவுடன் அப்பெயருடையாரை வேளாளர் எனக் குறித்துவிடுவது எளிது. அவ்வாறு குறித்தால், புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761), நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), மலையாள நாவலாசிரியர் தகழி சிவசங்கரப் பிள்ளை (1912–1999) ஆகிய மூவரும் ஒரே குலத்தவராகிவிடுவர். உண்மையில் முதலாமவர் ஆயர், இரண்டாமவர் இசை வேளாளர், மூன்றாமவர் நாயர். ஒரு சொல் இத்துணைச் சமூகங்களுக்கு உரியதான முறையை அறிய அதன் பொருள் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

இளமைப் பெயர்

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களாக ஒன்பதைத் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் பிள்ளையும் ஒன்று. பறப்பனவற்றின் இளமைக்கும் தவழ்வனவற்றின் இளமைக்கும் அப்பெயர் உரியதாகிறது; ஓரறிவுயிராகிய மரஞ்செடிகளுக்கும் அது பொருந்தும். ஆயின் மக்களின் இளமைக்குக் குழவி, மக என்னும் இரண்டு மட்டுமே உரியன என்று அந்நூல் வரையறுக்கிறது. எனவே, இன்று மனிதக் குழந்தையைக் குறிக்கும் பொதுச்சொல்லாக விளங்கும் பிள்ளை, மரபியல் விதிப்படி மனிதர்க்கு உரியதன்று.

அப்பழைய வழக்கின் எச்சங்கள் இன்றும் வழங்குகின்றன. தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்கிறோம். கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை ஆகியவற்றில் இளமைப் பொருள் மங்கி, முதிர்ந்த விலங்குக்கும் பறவைக்கும் அப்பெயர் ஆகிவிட்டது. இளமையைச் சுட்டிய சொல் வயதைக் கடந்து நிலைத்துவிடும் இப்போக்கே ஆட்பெயர்களிலும் காணப்படுகிறது.

சிறப்புப் பெயர்

இடைக்காலத்தில் பிள்ளை என்பது மனிதரைக் குறித்ததோடு மதிப்புப் பொருளும் பெற்றது. 'ஆர்' விகுதி சேர்ந்த பிள்ளையார் என்னும் வடிவம், சோழர் கல்வெட்டுகளில் அரச குமாரரைச் சுட்டுகிறது. இளமையிலேயே பதிகம் பாடிய திருஞானசம்பந்தர் ஆளுடைய பிள்ளையார் எனப்பட்டார். சிவபெருமானின் மகனாகிய விநாயகருக்குப் பிள்ளையார் என்பதே மக்கள் வழக்கில் நிலைத்த பெயராயிற்று.

வைணவ ஆசாரியர் பெயர்கள் மற்றுமொரு முக்கியச் சான்றாகும். நம்பிள்ளை, பெரியவாச்சான் பிள்ளை, வடக்குத் திருவீதிப் பிள்ளை, பிள்ளை லோகாசாரியர் ஆகிய பெயர்களில் இச்சொல் சமயப் பெருமையைக் குறிக்கிறது. பெரியவாச்சான் பிள்ளை அந்தணர். அட்டப் பிரபந்தம் இயற்றிய பிள்ளைப் பெருமாள் ஐயங்கார் பெயரிலோ பிள்ளையும் ஐயங்காரும் ஒருங்கே அமைந்துள்ளன. பிள்ளை என்பது இங்குச் சாதிப் பட்டமாயின் இவ்விணைவு பொருந்தாது.

தொழிற்பெயரும் பட்டமும்

கணக்கு எழுதுவோர் கணக்குப்பிள்ளை எனப்பட்டனர். இலங்கை மலையகத் தோட்டங்களில் தொழிலாளரை மேற்பார்வையிட்டவர் கணக்கப்பிள்ளை. கத்தோலிக்க ஆலயங்களில் பணிவிடை செய்பவர் கோயில்பிள்ளை. இவ்வழக்குகளில் பிள்ளை என்பது குலத்தை உணர்த்தாது, செய்யும் வேலையையே உணர்த்துகிறது.

பிற்காலத்தில் இச்சொல் வேளாளர் முதலிய சில சமூகங்களின் பட்டமாகவும் வேரூன்றியது. மதம் மாறிய பின்னும் அது விலகவில்லை என்பதற்குக் கிறித்தவர்களான மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889), எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) ஆகியோர் சான்று. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. அக்காலத்தில் பட்டம் பெயரிலிருந்து எளிதில் கழற்றக்கூடியதாகவே இருந்தது. 'வ.உ.சி.' என்னும் சுருக்கத்தில் சிதம்பரம் என்பதற்கு எழுத்து உண்டு, பிள்ளைக்கு இல்லை.

மேலும், தமிழகத்தில் இப்பட்டம் ஆடவர்க்கே உரியதாக இருந்தது. அவர்தம் இல்லப் பெண்டிர் 'அம்மாள்' எனவே குறிக்கப்பட்டனர். பெண்பெயரில் பிள்ளை வருமாயின் அது இயற்பெயரின் உறுப்பாகும். மதுரைப் பகுதியில் மகளிர் சிறுசேமிப்புப் பணியால் அறியப்பட்ட சின்னப்பிள்ளையின் பெயர் இத்தகையது. யாழ்ப்பாணத்து அன்னப்பிள்ளை, வள்ளிப்பிள்ளை ஆகிய பெயர்களும் இவ்வகையினவே. அங்குச் சிறுமியைப் 'பிள்ளை' என விளிக்கும் வழக்கும் உண்டு.

குடும்பப் பெயர்

1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்குத் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். குடும்பப் பெயரை வேண்டும் பதிவு முறையில் பெயரின் கடைசிச் சொல் நிலைபெற்று வழிவழியாகத் தொடர்ந்தது. ரோமன் எழுத்தில் அது தமிழகத்தில் 'ஐ' எழுத்தில் முடிய, அங்கு 'ஒய்' எழுத்தில் முடிகிறது. இம்மாற்றத்தால் பட்டத்தின் ஆண்பாற் கட்டுப்பாடும் நீங்கியது. 1941இல் டர்பனில் பிறந்து, 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைகள் உயர் ஆணையராக விளங்கிய நவநீதம் பிள்ளையின் பெயரில் அது குடும்பப் பெயராகவே நிற்கிறது. தமிழ் மரபில் கழன்றுவிடும் உறுப்பு, அங்கு நிலைத்து நிற்கும் உறுப்பாகிவிட்டது. நூலகப் பட்டியல்களில் ஒரே ஆசிரியர் ஓரிடத்தில் இயற்பெயரின் கீழும் மற்றோரிடத்தில் 'பிள்ளை' என்பதன் கீழும் இடம்பெறுவதற்கு இவ்விரு மரபுகளின் முரணே காரணமாகும்.

முடிவுரை

'பிள்ளை' என்னும் சொல்லைப் பெயரில் காணும் ஆய்வாளர் மூன்றைக் கருத வேண்டும். ஒன்று, அது பெயரின் முன்னோ பின்னோ இயற்பெயருக்குள்ளோ வரும் நிலை; இரண்டு, பெயருடையார் வாழ்ந்த காலம்; மூன்று, அவர் வாழ்ந்த நிலப்பகுதி. இம்மூன்றையும் நோக்காது சாதியைக் குறிப்பின், ஆவணத்தில் இல்லாத ஓர் அடையாளத்தை ஆய்வாளரே அவர்மீது ஏற்றியவராவார். பிற சான்றுகள் கிட்டாதவிடத்துப் பெயரை உள்ளவாறே பதிந்து, சாதி பற்றிய இடத்தை வெற்றிடமாக விடுதலே ஆய்வு நெறியாகும்.