உடுவில் பிள்ளைகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்ணுக்கு உறவு இரண்டு வழியாக வரும். ஒன்று பிறந்த வீடு, மற்றது புகுந்த வீடு. இந்த இரண்டுக்கும் வெளியே, சாதகமும் சீதனமும் பார்க்காத மூன்றாவது உறவொன்றை எங்களுக்குத் தந்தது உடுவில் மகளிர் கல்லூரி. 1824இல் தொடங்கிய அந்தப் பள்ளிக்கூடத்துக்கு 2024இல் இருநூறு வயது நிறைந்தது. ஆசியாவிலேயே முதலில் எழுந்த பெண்கள் விடுதிப் பள்ளி அதுதான் என்று பழைய மாணவிகள் பெருமையாகச் சொல்வோம். அந்த முதலிடத்தைவிட, இத்தனை தலைமுறையாக அறுந்துபோகாமல் வந்த அந்த உறவுதான் எனக்குப் பெரிது. அது எப்படி உண்டானது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். நான்கு ஆண்டுகள் கழித்து, மைரன் வின்ஸ்லோவும் அவர் மனைவி ஹரியட்டும் உடுவிலில் குடியேறினார்கள். மைரன் வின்ஸ்லோவைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். 1862இல் வெளிவந்த தமிழ் ஆங்கிலப் பேரகராதி அவருடையது. எங்களுக்கு ஹரியட்தான் முக்கியம். கனெக்ரிகட் மாநிலத்து நோர்விச் நகரில் பிறந்து, இருபத்து மூன்று வயதில் கப்பலேறி வந்தவர். நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட ஊர் அன்றைய யாழ்ப்பாணம். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றால் கோயிலில் ஆடுகிறவள் என்று நினைத்த காலம். அந்த ஊரில் வீடு வீடாகப் போய்ப் பெண் பிள்ளைகளைக் கேட்டார் ஹரியட்.

முதற் பிள்ளைகள் வந்து சேர்ந்த கதையை விடுதியில் மூத்த அக்காமார் சொல்லித்தான் நாங்கள் கேட்டோம். பகலில் ஹரியட்டிடம் தையலும் எழுத்தும் பழக வந்த சிறுமிகள் இரண்டு பேர், ஒருநாள் மாரி மழையில் வீடு திரும்ப முடியாமல் அகப்பட்டுக்கொண்டார்களாம். பசி வந்துவிட்டது. பிறர் வீட்டில் கை நனைப்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் அன்று இரவு அங்கே சோறு சாப்பிட்டு அங்கேயே படுத்தார்களாம். கதையில் எவ்வளவு உண்மையோ, எங்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பள்ளிக்கூடம் பாடத்தில் தொடங்காமல் ஒரு பந்தியில் தொடங்கியது என்பதுதான் காரணம்.

அந்த முதல் மாணவிகளின் பெயர்கள் பெட்சி, மிரண்டா என்று மிஷன் பதிவுகளில் இருக்கும். அமெரிக்காவில் இருந்து பணம் அனுப்பியவர்கள் தங்களுக்கு விருப்பமான பெயரைத் தங்கள் பிள்ளைக்கு வைக்கச் சொன்னார்கள். அப்படியே வைத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நோகும். சோறும் உடுப்பும் படிப்பும் கொடுத்தார்கள், கலியாணம் என்று வந்தால் ஒரு சிறு சீதனம்கூடக் கொடுத்தார்கள். அதற்காக நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். ஆனால் அந்தச் சிறுமிகளைத் தாய் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று இன்றைக்கு யாரிடம் கேட்பது?

ஹரியட் 1833இல் இறந்தபோது வயது முப்பத்தாறு. அவருடைய தங்கைமாரும் இதே யாழ்ப்பாணத்து மிஷனுக்கு வந்து உழைத்தவர்கள். பிறகு வந்தவர்தான் இலைசா அக்னியூ. நியூயோர்க்கில் எட்டு வயதில் பூகோள வகுப்பிலிருந்தபோதே தூரதேசம் போய் மிஷனரியாக வேண்டும் என்று தீர்மானித்தவர். 1840இல் வந்தார், 1883இல் மானிப்பாயில் கண் மூடும்வரை ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. அவரிடம் படித்த பிள்ளை தன் மகளைக் கூட்டிவந்து விட்டாள், அந்த மகள் தன் மகளைக் கூட்டிவந்து விட்டாள். மூன்று தலைமுறையைப் படிப்பித்த அந்தக் கன்னியை ‘ஆயிரம் பெண்மக்களின் தாய்’ என்று அழைத்தார்கள். வட்டுக்கோட்டைச் செமினறியில் படித்த ஆண்களுக்கும் உடுவிலில் படித்த பெண்களுக்கும் கலியாணங்கள் நடந்தன. அந்த வீடுகளில் தாயும் வாசித்தாள். தன் மகள் வாசிக்க வேண்டும் என்று அவள் கேட்டபோது, எதிர்த்துப் பேச வீட்டில் யாரும் இருக்கவில்லை.

அம்மாவின் காலத்தில் அதிபராக இருந்தவர் அரியம் ஹட்சன் பரமசாமி. 1911 முதல் 1941 வரை தலைமை தாங்கிய லூலூ புக்வோல்டருக்குப் பிறகு அந்தக் கதிரைக்கு வந்த தமிழ்ப் பெண் அவர். அவர் நடந்து வருகிற சத்தத்துக்கே வகுப்பு அடங்கும் என்பாள் அம்மா. நாங்கள் காரைநகர்ச் சைவக் குடும்பம். திருவெம்பாவைக்குச் சிவன் கோயிலில் பாடுகிற அதே வாயால் காலையில் பள்ளிக்கூடத்தில் கீர்த்தனையும் பாடினோம். அதனால் எங்கள் வீட்டில் யாருடைய சைவமும் குறையவில்லை. பக்கத்தில் மருதனார்மடத்தில் 1913இலேயே பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்கென்று கல்லூரி தொடங்கியிருந்தார். அங்கே ஏன் விடவில்லை என்று அப்பாவின் சொந்தக்காரர் கேட்டார்களாம். “நான் படிச்ச இடத்திலைதான் என்ரை பிள்ளையும் படிக்கும்” என்று அம்மா சொன்னதோடு கதை முடிந்தது.

நான் விடுதிக்குப் போனது எண்பதுகளில். முதற்கிழமை முழுக்க அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கா ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. என் தலையைப் பிடித்து எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் பின்னிவிட்டாள். அடுத்த நாளும் பின்னினாள். சனிக்கிழமைகளில் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் எள்ளுருண்டையும் பனங்காய்ப் பணியாரமும் கொண்டுவந்தவருடைய பிள்ளைக்கு மட்டும் ஆனதில்லை. பெட்டியைத் திறந்தால் டொமிற்றரி முழுவதற்கும் பங்கு. பார்க்க வர யாரும் இல்லாத பிள்ளைக்கு முதற்பங்கு போகும். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, எங்களுக்கு முன்பிருந்தவர்கள் அப்படிச் செய்ததால் நாங்களும் செய்தோம்.

அந்தப் பழக்கத்தின் பெறுமதி எனக்கு விளங்கியது 1995 ஒக்ரோபர் 30 இரவில். போர் நெருங்கிவர, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டது. செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி, மழையில், அடி அடியாக நகர்ந்த சனத்துக்குள் நானும் அம்மாவும் நின்றோம். சாவகச்சேரியை அடைந்தபோது பள்ளிக்கூடம், கோயில், மர நிழல் ஒன்றிலும் இடமில்லை. ஒரு வீட்டுப் படலையில் தண்ணீர் கேட்டோம். உள்ளே ஏற்கெனவே நாலைந்து குடும்பங்கள். வீட்டுக்கார அம்மா செம்பைக் கொடுத்துவிட்டு அம்மாவையே பார்த்தார்.

“நீங்கள் எந்தப் பள்ளிக்கூடம் படிச்சனீங்கள்?”

“உடுவில்.”

“போர்டிங்கே?”

“ஓம். பரமசாமி மிஸ்ஸின்ரை காலம்.”

“எனக்கு ரெண்டு வகுப்புக் கீழை இருந்திருப்பியள். உள்ளுக்கை வாங்கோ பிள்ளை.”

அறுபது வயது தாண்டிய அம்மாவை அவர் ‘பிள்ளை’ என்றார். அம்மா அவரை ‘அக்கா’ என்று கூப்பிட்டாள். இருவரும் அதற்கு முன் ஒருநாளும் பேசியவர்கள் இல்லை. வலிகாமத்துக்குத் திரும்பும்வரை அந்த வீட்டுச் சமையலறை மூலையில் எங்களுக்கு இடம் இருந்தது. இரத்த உறவுகள் செய்யாததை அவர் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அந்த நாட்களில் தென்மராட்சியில் முன்பின் தெரியாதவர்களுக்கும் எத்தனையோ வீடுகள் கதவு திறந்தன. ஆனால் நாங்கள் கேட்பதற்கு முன்பே எங்களை இன்னார் என்று அடையாளம் கண்டுகொண்டது அந்தப் பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடத்தை நிற்கவைத்ததும் இந்த உறவுதான். 1960களின் தொடக்கத்தில் அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பெடுத்தபோது உடுவில் தனியாகவே நின்றது. தனியாக நின்ற பள்ளிகள் அன்று கட்டணமும் வாங்கக் கூடாது, அரசின் பணமும் கிடையாது. அப்படியென்றால் ஆசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும், கூரைக்கு ஓடு யார் வாங்குவது? திருச்சபையோடு சேர்ந்து பழைய மாணவிகள் தோள் கொடுத்தார்கள். அன்று கொழும்பில் ரீச்சராக இருந்தவர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார்கள். பிறகு போர் எங்களை உலகமெங்கும் எறிந்தபோது, போய் விழுந்த இடங்களிலெல்லாம் பழைய மாணவிகள் சங்கம் வைத்தார்கள். ரொறன்ரோவில் பனியில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து, சங்கத்து இராப்போசன விருந்துக்கு ரிக்கற் விற்ற என் வகுப்புத் தோழியை எனக்குத் தெரியும். அந்தக் காசில் இங்கே ஒரு பிள்ளை படித்தது. அந்தப் பிள்ளையின் முகம் அவளுக்குத் தெரியாது.

இருநூறாம் ஆண்டை ஒட்டி எங்கள் வகுப்பின் வட்சப் குழுவில் ஒரே சேலை பேச்சாகத்தான் இருந்தது. எந்த நிறம், எந்தக் கரை, யார் எடுத்து அனுப்புவது என்று இரவு பகலாகச் செய்திகள். நடுவில் ஒருத்தி எங்கள் வகுப்புப் படத்தைப் போட்டாள். ஓரம் செல்லரித்த படம். ஒவ்வொரு முகமாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தோம். பின்வரிசையில் நின்ற ஒரு பிள்ளையின் பெயர் மட்டும் ஒருவருக்கும் வரவில்லை. நாலு கண்டத்தில் இருந்தவர்கள் தேடினோம். கடைசியில் சிட்னியில் இருந்த ஒருத்திதான் கண்டுபிடித்தாள். அந்தப் பிள்ளை வகுப்பில் ஒருநாளும் வாய் திறக்காதவள், ஆனால் அவளுடைய கையெழுத்து சிட்னித் தோழியின் ஓட்டோகிராப் கொப்பியில் இருந்தது.

அதிலிருந்து எனக்கு ஒரு வேலை பிடித்துவிட்டது. எங்கள் வீடுகளில் இருந்த படங்களும் தேர்ச்சி அறிக்கைகளும் கடிதங்களும் இடம்பெயர்வுகளில் போய்விட்டன. எஞ்சியது வயதானவர்களின் நினைவு மட்டும்தான், அதுவும் ஆண்டுதோறும் குறைகிறது. உங்கள் அம்மா, அம்மம்மா, பூட்டி யாராவது உடுவிலில் படித்திருந்தால், அவருடைய பெயரை வீட்டில் கூப்பிட்டபடியே எழுதுங்கள். ஊர், படித்த காலம், விடுதியா வீட்டிலிருந்து வந்தவரா, பக்கத்துக் கட்டிலில் யார் இருந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள், மற்றதைப் பள்ளிக்கூடத்து நூலகத்துக்கு அனுப்புங்கள்.